அண்ணன் நீட்டிய மாத்தே

மேயர் ரமீரோவுக்குப் பழியைப் போட எலிதான் வேண்டியிருந்தது. எலியா வந்து எதிர்த்துப் பேசப்போகிறது?

பாத்தகோனிய மலையடியில் அந்தச் சின்ன ஊரில் காய்ச்சல் கண்டு, மூச்சு முட்டி, இரண்டு பேர் செத்திருந்தார்கள். முதலில் விறகுவெட்டி எவாரிஸ்தோ. அடுத்து, அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன டாக்சிக்காரர் ஓமார். ரமீரோவின் தங்கை நெலிதா தலைநகரத்து ஆய்வுக்கூடத்தில் இருவர் ரத்தத்திலும் இருந்த வைரஸின் மரபணுவைப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. எவாரிஸ்தோவின் கொட்டகை எலிகளிடமும் அதேதான். ஓமார் வீட்டு எலிகளிடம் இருந்தது வேறு. எவாரிஸ்தோவின் கொட்டகைப் பக்கம் ஓமார் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை செர்ரித் திருவிழா. அதை வச்சுத்தான் ஊரு வருஷம் பூரா சாப்பிடுது. எலின்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்மா" என்றான் ரமீரோ, முடிவோடு ஊருக்கு வந்த தங்கையிடம்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியா அண்ணே? மனுஷங்கிட்டேர்ந்து மனுஷனுக்கு ஒட்டுது. கூட்டத்தைக் கூட்டிட்டு எத்தனை பேரப் புதைப்ப?"

அன்று மாலை ஊர்க்கூட்டம். ரமீரோ மாத்தே ஊற்றினான்; ஒரே குடுக்கையில், ஒரே குழலில் எல்லாரும் மாறி மாறி உறிஞ்சும் அந்த ஊர் இலைத் தேநீர். முதல் குடுக்கையைத் தான் உறிஞ்சிவிட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றி, அதே குழலோடு எல்லார் முன்னாலும் தங்கையிடம் நீட்டினான். ஆள் கெட்டிக்காரன். அவள் குடித்தால் ஊருக்குப் பயம் தெளிந்துவிடும். மறுத்தால், கூடப்பிறந்தவன் கொடுத்த மாத்தேயைத் தள்ளியவள் பேச்சை அங்கே எவன் கேட்பான்?

நெலிதா வாங்கினாள். விரல் பட்டது. அவன் கை கொதித்தது. ஓமார் படுத்திருந்தபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தவன் இவன்தான்.

குடுக்கையை மேசையில் வைத்தாள். "குடிக்க மாட்டேன்."

"பட்டணத்துல படிச்சதும் அண்ணன் எச்சில் கசக்குதாக்கும்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"கசக்கலை. கொல்லும். எவாரிஸ்தோவுக்கு எலி குடுத்துச்சு. ஓமாருக்கு எவாரிஸ்தோ குடுத்தாரு. இப்ப உங்க மேயருக்குக் காய்ச்சல் அடிக்குது. யாரும் கிட்ட வராதீங்க. திருவிழா கிடையாது."

"நான் மேயர். நான் சொல்லாம எதுவும் நிக்காது" என்றான் ரமீரோ. முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நீயே சொல்லு."

வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. முன்வரிசை நாற்காலிகள் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தன. திருவிழாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நெலிதா பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே அவனிடம் போனாள்.

"வந்து ஏறு அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம். வண்டியை நான் ஓட்டறேன்."