ஹெல்மெட்டுக்குள் பாதி பிஸ்கட்

தம்பி கவிஞன் என்பதில் அக்காவுக்கு ஒரு காலத்தில் பெருமை. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளி அந்தக் கவிதையை வாசித்துக் காட்டிய காலையோடு அது போயிற்று.

அப்பா செத்த பிறகு ஒரு சிறுமி, தின்கிற பிஸ்கட்டில் பாதியை அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒளித்துவைக்கிறாள். எறும்பு மொய்க்கிறது. அம்மா அடிக்கிறாள். அவ்வளவுதான் கவிதை.

"உங்க தம்பிக்கு எவ்வளவு ஈரமான மனசும்மா!" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடித்தது அக்காதான். எறும்புதான் அவள் கண்ணில் பட்டது. பிஸ்கட் யாருக்கென்று தெரியவில்லை. மகள் அதைத் தாய்மாமனிடம் மட்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தாள்.

கவிதைப் புத்தக வெளியீட்டு விழாவுக்கு மகளைப் பள்ளியிலிருந்தே தம்பி கூட்டிப்போய்விட்டான். தகவல் தெரிந்ததும் அக்கா கடையை விட்டு ஓடினாள். மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

"பாப்பா முன்னாடி அதை வாசிக்காதடா."

"அக்கா, அதுல இருக்கறது முழுக்க அன்புதான். கேக்கறவங்க எல்லாம் அழறாங்க."

"அழுதுட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. இவ எங்கடா போவா?"

"உனக்குக் கவிதைன்னா..."

"எரியற வீட்டுல பிடுங்கினது லாபம். அது நல்லாவே புரியுது."

மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தம்பி போனான், வாசித்தான். அரங்கம் மூக்கை உறிஞ்சியது. "இதோ, கவிதையின் நாயகி!" என்று மகளை மேடையேற்றினார்கள்.

"மாமாகிட்ட என்ன சொல்லப்போறீங்க, செல்லம்?" தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்கல்ல, மாமா?"

உடனே கைதட்டல். "என்ன வெள்ளை மனசு!" என்றது முன்வரிசை. மகளின் உதடு கோணிக்கொண்டு வந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தான்.

அக்கா மேடையேறி மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"அழிடா."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் அடிச்சதை வேணா வச்சுக்கோ, ஊரே படிக்கட்டும். அவ சொன்னது அவளோடது. அழி."

அச்சில் ஏறியதை என்ன செய்ய முடியும்? இதையாவது விடக்கூடாது. அவன் அழித்து, வெறும் திரையைத் திருப்பிக் காட்டும்வரை அவள் இறங்கவில்லை.