கேட்ட நேரத்திலிருந்து தீட்டு

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம், இந்தக் கட்டிடத்துக்குள் சிக்னல் சரியாக எடுப்பதில்லை, குளிர்ப்பெட்டிகள் வேறு இரைந்துகொண்டே இருக்கின்றன, பகலவன் போனில் சொன்னது என் காதில் விழவில்லை என்றால் யார் மறுக்க முடியும்… ஆனால் விழுந்தது. அப்பா விடியக்காலம் தவறிட்டாருங்க, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும்னு சொல்லி வச்சிருந்தாரு, வேற ஒண்ணும் இல்லீங்க. அவ்வளவுதான், வைத்துவிட்டான். அழவில்லை, வாங்க என்று கூப்பிடவும் இல்லை. ஒரத்தநாட்டில் கணக்கு வாத்தியார், அளந்துதான் பேசுவான். அவன் அப்பன் இராஜாங்கம் செத்தால் எனக்கென்ன, எங்கள் வயலில் நடவு நட்ட காளியம்மாளின் மகன், ஊரில் ஒரு சாவு, ஒரு மாலை அனுப்பினால் முடிந்தது. அப்படி இருக்க எனக்கு மட்டும் எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? தனியாகச் சொல்வது பங்காளிக்கு. ஒரே தகப்பன் வழி வந்தவனுக்கு. அவனுக்குத்தான் தீட்டு, அதுவும் செத்த நேரத்திலிருந்து இல்லை, காதில் விழுந்த நேரத்திலிருந்து. பத்து மணி இருபது நிமிடம். நான் எதற்குக் கடிகாரத்தைப் பார்த்தேன்?

வானதி, என் மகன் இளஞ்செழியனின் மனைவி, இந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், அரை மணி நேரம் மாமா, இதை முடிச்சிட்டுக் கும்பகோணம் போயிடலாம் என்று என்னை ஒரு உயரமான முக்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். சாய்மானம் இல்லை, எனக்குத் தேவையும் இல்லை. கும்பகோணத்தில் பட்டு வேட்டி எடுக்க வேண்டும். நாளைச் சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. முதல் காப்பு எங்கள் குடும்பத்தின் மூத்த ஆண் கையில், ஐந்து தலைமுறையாக அப்படித்தான், அப்பாவுக்குப் பிறகு முப்பத்தேழு வருடமாக என் கையில். எங்களுக்குத் தீட்டு என்றால் காப்பு மேலத்தெருக்காரர்களுக்குப் போகும், ஒருமுறை போனால் திரும்பி வருமா, அதற்காகத்தானே அவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். தீட்டு இல்லை என்று நான் கட்டிக்கொண்டால், இராஜாங்கம் என் அப்பாவின் மகன் இல்லை என்று அம்மன் முன்னால் சொன்னதாகும். இத்தனை வருடம் யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வாய்க்காலுக்குக் கீழே மூன்று மா நிலத்தைக் காளியம்மாள் பேருக்கு எழுதியபோது அப்பா காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். நாளைக்கு மட்டும் தப்ப முடியாது, மணிக்கட்டை நீட்டினாலும் பதில்தான், நீட்டாவிட்டாலும் பதில்தான்…

மாமா, சும்மா உக்காந்திருக்கீங்களே, இதைப் பாருங்க, என்று திரையை என் பக்கம் திருப்புகிறாள். பதினெட்டு மணி நேரத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கிய படம். சளிப்பூஞ்சை என்கிறாள், ஆனால் பூஞ்சை இல்லையாம், அப்புறம் எதற்கு அந்தப் பேர் என்றால், பேரை மாத்த ஆள் இல்ல மாமா என்று சிரிக்கிறாள். நம் மூங்கில் கொல்லை மண்ணில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல்கள், தனித்தனியாகத் திரிந்து பாக்டீரியாவைத் தின்று வாழ்கின்றன, தீனி தீர்ந்ததும் ஒன்றையொன்று கூப்பிட்டு ஓடை ஓடையாகத் திரண்டு, லட்சம் செல் ஒரே உடம்பாகி, ஐந்தில் ஒரு பங்கு செத்துத் தண்டாக நிற்க, மற்றவை அதன் உச்சிக்கு ஏறி வித்தாகப் பிழைத்துக்கொள்கின்றனவாம். அதனால யாரோட ஒட்டுறோம்னு பாக்கணும் மாமா, அந்நியன் மேல ஏறிப் பிழைச்சிட்டா நாம செத்தது வீண்தானே. நியாயம்தான் என்றேன், எனக்கு இது பிடித்துவிட்டது. செல்லின் மேற்பரப்பில் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, முதலில் வருபவை யாரோடும் ஒட்டும், பிறகு வருகிற ஒரு ஜோடிதான் ஆளைத் தெரிந்து ஒட்டும் என்கிறாள். திரையில் பச்சை ஒரு வம்சம், சிவப்பு ஒரு வம்சம், ஒரே பிடி மண்ணில் இருந்தவை, கலந்துதான் ஓடி வந்தன, பிறகு பால் திரிந்தாற்போல் பச்சை ஒருபக்கம் சிவப்பு ஒருபக்கம் ஒதுங்கின. பாத்தியா, சளிக்குக்கூடத் தெரியுது தன் ரத்தம் எதுன்னு, என்றேன்.

ரத்தத்தை எங்க மாமா பாக்குது, வெளியில நீட்டிக்கிட்டு இருக்கிறதைத்தான் பாக்குது, என்று இன்னொரு படத்தை ஓட்டினாள். சிவப்பின் அந்த ஒரு ஜோடிப் புரதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பச்சையின் ஜோடியை வைத்திருக்கிறாள், உள்ளே மற்றதெல்லாம் சிவப்புதான், ஆனால் அது கூடப் பிறந்த சிவப்பை விட்டுவிட்டுப் பச்சையோடு போய்ச் சேர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஜோடி எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே. இவன் நீட்டுறதை எதிர்ல இருக்கிறவனோட இன்னொரு புரதம் பிடிக்கணும் மாமா, ஒருத்தன் மட்டும் நீட்டிக்கிட்டே இருந்தா ஒட்டாது. ஆமாம், யார் நீட்டச் சொன்னது… யாரு மாமா போன்ல, என்றாள் திரையைப் பார்த்தபடியே. இராஜாங்கம் போயிட்டானாம், என்றேன், ஊரில் மழை பெய்ததாம் என்கிற மாதிரி. படத்தை நிறுத்திவிட்டாள். கல்யாணமான புதுசுல அவரு வரப்புல நடந்து வந்தாரு மாமா, நீங்கன்னு நினைச்சு ஸ்கூட்டிய விட்டு எறங்கி நின்னேன், முந்தானைய வேற இழுத்துப் போத்திக்கிட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, மாமனாரு பின்னால வர்றாரும்மா, அப்படியே நில்லுன்னுட்டுப் போயிட்டாரு. இதை ஏன் நீ என்னிடம் சொல்லவே இல்லை என்று நான் கேட்கவில்லை.

அப்பா இறந்த அந்த வருடம், தை முதல் நாள், தெருவெல்லாம் பால் பொங்குகிறது, எங்கள் வீட்டில் சாவு விழுந்த வருடம் என்பதால் பானை ஏற்றவில்லை, நான் சும்மா வாய்க்கால் பக்கம் நடந்துபோனேன். அவன் வாசலிலும் அடுப்பு இல்லை, கோலம் இல்லை, சின்னப் பிள்ளையாக இருந்த பகலவன் கரும்பு கேட்டு அழுதுகொண்டிருந்தான். ஏன்டா பொங்கல் வைக்கல, என்றேன். வைக்கக் கூடாதுல்லீங்க, என்றான். அவ்வளவுதான் சொன்னான், என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். யாருக்காக என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், கேட்கிற இடத்தில் நான் நிற்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒரு வருடம் முழுக்கத் துக்கம் காத்தான், தீபாவளிக்கும் புதுத்துணி இல்லை, ஊர் பார்த்தது, நானும் பார்த்தேன். சரி. இப்போது என் முறை, அதில் எனக்கென்ன பயம்? எங்கள் குடும்பம் அம்மன் முன்னால் பொய் சொன்னதில்லை, சொல்லாமல் இருந்திருக்கிறோம், அது வேறு. தீட்டோடு காப்புக் கட்டினான் என்ற பேச்சு என் பேரனுக்குப் போய்ச் சேர வேண்டாம். ஒரு வருடம் மேலத்தெருக்காரன் கட்டட்டுமே, ஊர் என்ன சொல்லும், அப்பாவின் பிள்ளைக்காக அமிர்தலிங்கம் முதல் காப்பையே விட்டான் என்று சொல்லும், இதைச் செய்ய எங்களைத் தவிர அந்த ஊரில் யாருக்கு மனசு வரும்… கும்பகோணம் வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்றேன். வானதி சளிப்பூஞ்சைத் தட்டுகளை மூடிக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் தமிழரசனுக்கு நானே போன் போட்டேன், ஆள் விட்டுச் சொல்கிற விஷயமா இது. சொல்லுங்கண்ணே, வேட்டி எடுத்தாச்சா, என்றார். இந்த வருஷம் காப்பு எங்களுக்கு இல்ல, தீட்டு, என்றேன், குரல் நன்றாகத்தான் இருந்தது. ஐயையோ, யாருண்ணே? இராஜாங்கம். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கடந்துபோகிற சத்தம் மட்டும். அவன் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்பார், ஒரே தகப்பன் பிள்ளைங்க என்று சொல்வதற்கு வார்த்தையை எடுத்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சரிங்கண்ணே, என்றார், சித்தப்பா மகன் தவறிவிட்டான் என்று சொன்னால் சொல்வதைப் போல. அப்படியென்றால் எல்லோருக்கும் எப்போதுமே… இருக்கட்டும். ஒண்ணு கேக்கிறேன் தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, கருமாதியன்னிக்கு முடி எடுக்கிறதுக்கு ஆள்கிட்ட சொல்லணும், செத்தவங்களுக்கு இளையவங்கதானே எடுக்கணும், எத்தனை தலைன்னு கேப்பான். அவரு மூத்தவரா, நீங்களா? நான், என்று வாய் திறந்தேன். என் வளைகாப்பன்னிக்கு அங்க தொட்டில்ல பிள்ளை கிடந்துச்சு என்று அம்மா ஒரே ஒரு தடவை, அப்பா செத்த வீட்டில், சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் பிறந்தது ஆடி, நான் கார்த்திகை. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி… எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஆடிதான் முன்னால் வருகிறது. முதல் காப்பு மூத்த ஆண் கையில். முப்பத்தேழு வருடம். அண்ணே, லைன்ல இருக்கீங்களா, நான் கேட்டது கேட்டுச்சா? கேட்டுது தம்பி, என்றேன். இன்னொரு தடவை கேளு, என்றேன்.