மேல் அடுக்கு மட்டும்

விடியுமுன் தளேகாவ் ஷெட்டில் வேலை தொடங்கியது. தாபோடியிலிருந்து முதல் லோக்கல் ரயிலில் வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றாமலே இன்வெர்ட்டர்களைத் தள்ளினார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. சோதனை மேடையில் அதிவேக மோட்டார் ஊளையிட்டது. பல் கூசியது.

ஒவ்வோர் இன்வெர்ட்டருக்கும் ஐந்து அடுக்கு. அடுக்குதோறும் கெப்பாசிட்டர். சுவிட்சை அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். எர்த் கம்பியால் ஒவ்வோர் அடுக்கையும் தொட்டு அதை இறக்க வேண்டும். தொடுகிறவர் ஒவ்வொரு முறையும் ‘மர் கயா’ என்று கத்துவார். செத்துவிட்டது என்று பொருள். ஐந்தும் செத்த பிறகே அடுத்தவர் கைவைப்பார்.

போன வாரம் முதலாளி கௌஷிக் அதை மாற்றினான். “மேல ஒண்ணைத் தொட்டாப் போதும். டைம் வேஸ்ட்.”

ஷீலா மேல் அடுக்கைத் தொட்டாள். “மர் கயா!”

ஆரோக்கியசாமி ஸ்பேனரை உள்ளே விட்டார்.

நீல வெளிச்சம். வெடிச்சத்தம். அவருடைய வலது கையுறை தோலோடு ஒட்டிப் புகைந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் கொண்டுபோனார்கள்.

கௌஷிக் ஆபீசிலிருந்து இறங்கி வந்தான்.

“ஷீலாக்கா, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. அவன்தான் அவசரப்பட்டான்னு சொல்லிடுங்க. அவனை வேலையை விட்டு நிறுத்திட்டா மேட்டர் கதம். நீங்க நம்ம ஆளு.”

“நேத்து வரைக்கும் ‘தும் லோக்’, வேத்து ஆளுங்க. கை வெந்ததும் நம்ம ஆளா?” என்றாள் ஷீலா. “கத்தினது நான். ஒண்ணு போதும்னு சொன்னது நீங்க. ஆரோக்கியசாமி அண்ணன் என்ன தப்புப் பண்ணுச்சு?”

“பேச்சு வேணாம். அடுத்ததைத் திறங்க.”

அடுத்த இன்வெர்ட்டர் அப்போதுதான் ஓடி நின்றிருந்தது. ஷீலாவோடு வேலை செய்யும் மும்தாஜ் கம்பியை எடுத்து மேல் அடுக்கை மட்டும் தொட்டாள். ஒரு ஸ்பேனரை கௌஷிக்கிடம் நீட்டினாள்.

“ஒண்ணைத் தொட்டாச்சு சேட். நீங்களே திறங்க.”

வாங்கினான். கை உள்ளே போகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டிராமாவா?” ஸ்பேனரை வீசினான். “எல்லாரும் வெளிய போங்க. போன் பண்ணினா டெம்போ நிறைய ஆளு வருவான்.”

“கூப்பிடுங்க,” என்றாள் ஷீலா. “அவனுக்கும் ரெண்டு கைதான்.”

மோட்டார்களை நிறுத்தினார்கள். கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். அண்ணன் வேலைக்குத் திரும்ப வேண்டும். பழி அவர்மேல் விழக்கூடாது. பழையபடி ஐந்து அடுக்கையும் தொட்டு இறக்க வேண்டும். அதுவரை எழுவதில்லை.

டெம்போ வந்தது. ஒப்பந்த ஆட்கள் குதித்தார்கள். மும்தாஜ் நடந்ததை இந்தியில் சொன்னாள். முன்னால் நின்றவன் ஷெட்டைப் பார்த்தான். ஆபீஸ் ஜன்னலில் கௌஷிக் கையசைத்து உள்ளே வரச் சொன்னான்.

“ஹாத் பச்சேகா?” கை பிழைக்குமா என்று கேட்டான் அவன்.

“தெரியல,” என்றாள் மும்தாஜ்.

பீகாரில் விட்டுவந்த வீட்டை நினைத்தானோ என்னவோ, ஜன்னலைப் பார்க்காமல் அவள் முன்னால் வந்தான்.

“நகரு, பெஹன்.” சகோதரி என்றே கூப்பிட்டான்.

மும்தாஜ் நகரவில்லை.

“உள்ளே போறதுக்கு இல்ல,” என்று இந்தியில் சொன்னான். “உங்களோட உக்கார.”

அவள் நகர்ந்து இடம்விட்டாள்.