சேர்ட்டன் என்றால் அரித்தெடுத்தது

பின்னேரம் பாதர் டினோஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு முழுச் சம்மதமா?" என்று கேட்பார். ஓம் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்கும் ஜெராட்டுக்கும் கலியாண ஓலை வாசிப்பார்கள். வீட்டார் பேசி முடித்துவிட்டார்கள். பலகாரத்துக்கு அரிசி மாவை அரிதட்டில் சலித்து அரித்துக்கொண்டிருந்த டினோஷாவிடம்தான் பதில் இல்லை.

ஜெராட் நல்லவன். மட்டக்களப்பு வாவியில் வெளிநாட்டுக்காரரைத் தோணியில் ஏற்றிக் காட்டுகிறவன். ஆனால் அவள் வாசித்த ரஷ்ய, பிரெஞ்சுத் தமிழாக்கங்களில் காதல் மின்னலாக விழும். விழுந்தவர்கள் ஓடும் ரயிலைவிட்டுக் குதிப்பார்கள். அவளுக்கோ தூறல்கூடப் போடவில்லை. அவனோடு இருந்தால் சிரிப்பு வரும், அவ்வளவுதான். மின்னல் விழாமல் ஓம் என்பது பொய் இல்லையா?

போன் கிணுங்கியது. ஜெராட் தொழிலுக்காக ஆங்கில வகுப்புக்குப் போகிறான். புதுச்சொல் கிடைத்தால் பரீட்சை அவள்மேல்தான். 'ஆர் யூ சேர்ட்டன்?'

பதிலைத் தள்ளிப்போட, மாக்கையோடே அந்தச் சொல்லை அகராதியில் தேடினாள். நிச்சயமான, ஐயமற்ற. அதற்குக் கீழே சொற்பிறப்பு: லத்தீன். வேரின் பொருள், அரித்துப் பிரித்தல்.

கையிலிருந்த அரிதட்டைப் பார்த்தாள். மின்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே!

சரியென்று மனதுக்குள் ஜெராட்டைத் தட்டில் போட்டு ஆட்டினாள். அவன் நனைந்துகொண்டு, அவளுடைய நூலகப் புத்தகங்களைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த மழைநாள் பூவாக இறங்கியது. அவள் சொன்ன நாவலின் முடிவைத் தாங்காமல் நடு வாவியில் தோணியை நிறுத்திச் சண்டை பிடித்தானே, அதுவும் இறங்கியது. பிரசங்கத்தில் விடும் குறட்டையும், சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராத குணமும் கண்ணறையில் இறங்காத கப்பியாகத் தட்டின் மேலே கிடந்தன.

பெருமூச்சோடு கப்பியைக் கோழிக்குக் கொட்டப் போனாள்.

"என்ன புள்ள செய்யிறாய்?" தாய் லூர்து பாய்ந்து வந்தாள். "கப்பிய ஆரும் எறிவாங்களா? திரும்ப கிறைண்டர்ல போடு. கல்லா அது? அரிசிதானே!"

டினோஷா வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிப்புக் கிடக்கட்டும். பாதருக்கு என்ன சொல்லப்போறாய்?"

"ஓம் எண்டுதான்."

"உறுதியாவா?"

"அரிச்சுப் பாத்திட்டன் அம்மா."

ஜெராட்டுக்கு எழுதினாள்: 'யெஸ், சேர்ட்டன். நேரத்துக்கு வாங்க.'

அவன் கோயிலுக்குப் பிந்தித்தான் வந்தான், முழங்கால்வரை சேற்றோடு. "தோணி எஞ்சின் நிண்டுட்டு புள்ள!"

"இந்தக் கப்பிய ரெண்டு தரம் கிறைண்டர்ல போடணும் போல" என்றாள் டினோஷா தாயிடம்.

"எந்தக் கப்பிய?" என்றான் ஜெராட்.

"ஒண்டுமில்ல. காலக் கழுவிட்டு வாங்க, பாதர் பாத்துக்கொண்டிருக்கார்."