நீல் தீவுக்கு எட்டு ஜாடி

"அந்தமானுக்குன்னு அக்கா ஒரு நோட்டு போட்டு வச்சிருந்தாளே மாமா, அது இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் வெண்பா உள்ளே வந்தாள். வளவனின் மனைவி காவியாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு மாதம். தை பிறந்ததும் புருஷன் திலீபனோடு ஒரு வாரம் தீவுக்குப் போய்வர ஆசை. கையிருப்புதான் கொஞ்சம்.

நோட்டு பீரோவுக்கு மேல் கிடந்தது. வளவன் எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான்.

காவியா மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. எந்தக் கிழமை விமானம் மலிவு, சென்னையிலிருந்து கப்பலில் போனால் எத்தனை நாள், அரசாங்கப் படகுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் கடற்கரையில் காசு கொடுக்காமல் குளிக்கலாம், எல்லாம் இருந்தது. குடை, கொசுவத்தி, புளிசாதம் என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு போன் நம்பர்: தனக்கோடி அக்கா, நீல் தீவு, ரூம் எண்ணூறு.

"எண்ணூறா! நெட்டுல ரெண்டாயிரத்துக்குக் கொறைஞ்சு ஒண்ணுமே இல்லியே. நீங்களே ஒரு போன் போட்டுப் பேசிடுங்க மாமா. அக்கா பேரைச் சொன்னா அதே ரேட்டு குடுப்பாங்க."

"பேசறேன்."

"மறந்துடாதீங்க."

"ம்."

வளவன் தொழிற்பேட்டையில் கரண்டு பெட்டிக்கு ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறான். படித்தது பி.காம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் சூளைச் சுவரின் நிழலில் நின்று நம்பரைப் போட்டான். பக்கத்தில் கூட வேலை பார்க்கும் கொளஞ்சி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னாப்பா, அந்தமானா? அந்தக் காலத்துல தப்பு செஞ்சவனத்தான் அங்க அனுப்புவான்."

"கொழுந்தியா போவுது அண்ணே. புதுசா கல்யாணம் ஆனது."

"அப்ப சரிதான். தண்டனை ஒண்ணுதான்."

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு மூச்சிரைக்க ஒரு பெண் குரல். "இருங்க இருங்க, முருங்க மரத்தாண்ட வந்துடறேன். அங்கதான் டவர் கெடைக்கும். ம், இப்ப சொல்லுங்க."

"விருத்தாசலத்துலேருந்து பேசறேங்க. வளவன்."

"காவியா வூட்டுக்காரரா? அடடா! எங்கய்யா அவ? ஒரு வருஷமா அடிச்சிப் பாக்குறேன், சுவிட்ச் ஆப்புன்னே வருது. இன்னும் அம்பது ரூவா கொறைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டாளா?"

வளவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

கார்த்திகை தீபம் முடிந்த மூன்றாம் நாள் காவியா போனாள். டெங்கு. ஐந்தே நாள். அன்று சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிவரை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த படம், பாதி மாலையோடு. ஊருக்கெல்லாம் சுவரே சொல்லிவிட்டது. ரேஷன் கடையில், பாங்கில், டீக்கடையில், எங்கே போனாலும் "கேள்விப்பட்டோம்" என்றார்கள். தலையாட்டினால் போதும். இந்தப் பதினோரு மாதத்தில் அவள் செத்த சேதியைத் தன் வாயால் அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போஸ்டர் நீல் தீவுக்குப் போகவில்லை.

"கோவமெல்லாம் இல்லக்கா" என்றான்.

"அப்ப ஜாடி என்னாச்சு? எட்டு ஜாடி தரேன்னாளேன்னுதான் ஆயிரத்து எரநூறு ரூம எண்ணூறுக்கு எறக்குனேன். இங்க உப்புக் காத்துக்கு டின்னு மூடியெல்லாம் துருப்புடிச்சிப் போவுது. ஊறுகா போட நம்மூரு பீங்கான்தான் சரி. எனக்கும் நல்லூரு பக்கந்தான் தம்பி, கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சு. ஆமா, எப்ப வரீங்க? எத்தினி பேரு?"

"தை மாசம். ரெண்டு பேரு."

"வாங்க வாங்க! கடலப் பாத்த ரூமு அவளுக்குத்தான். வரப்ப மல்லாட்டை கொண்டாரச் சொல்லு. காஞ்சதானாலும் பரவால்ல, ஊறவச்சி அவிச்சிக்கலாம். இங்க வேர்க்கடலைன்னு விக்கிறதெல்லாம் மல்லாட்டையா..."

லைன் அறுந்தது.

"ரூம் கெடைச்சிடுச்சா?" என்றார் கொளஞ்சி.

"கெடைச்சிடுச்சி."

காவியாவின் பேருக்கு என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருப்பது வளவனுக்குத் தெரியும். பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கும். அவள் சாமான் என்று இதுவரை திறக்கவில்லை. அன்று சாயங்காலம் இழுத்துத் திறந்தான். எட்டு ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கழுத்தில் ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தினசரித் தாள் சுற்றியிருந்தது. அவ்வளவுதான். மூடியை ஜாடி மேலேயே வைத்துக் கட்டியிருந்தாள். பெட்டிக்குள் ஒரு பிடி வைக்கோல் இல்லை. போர்ட் பிளேர் வரைகூட வேண்டாம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் பாதி நொறுங்கியிருக்கும்.

அவனுக்குக் கோபம் வந்தது. வீட்டில் பேக்கிங் வேலை பார்க்கிற ஒருத்தன் இருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"இப்படியா கட்டுவாங்க?" என்று சத்தமாகவே கேட்டான்.

கேட்டபின்தான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வெண்பா வந்தபோது கூடமெல்லாம் வைக்கோல். கம்பெனியிலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு ஜாடியையும் கையில் தொங்கவிட்டு, வீட்டுச் சாவியால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வாங்கினான். விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். எட்டும் நன்றாகவே ஒலித்தன. மூடிகளைத் தனியே சுற்றினான்.

"என்னா மாமா இது?"

"நீ எடுத்துக்கிட்டுப் போவணும். ரூமுக்கு இதுதான் பேச்சு. உங்கக்கா பேசி வச்சது."

வெண்பா ஒரு ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அந்தம்மாவுக்கு அக்கா விஷயம் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்லலியா?"

"இல்ல. நானும் காவியாவும் வரோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"ஐயோ மாமா. படகு வுட்டு எறங்குனதும் அக்கா எங்கன்னு என்னைத்தான கேப்பாங்க? புதுப் பொண்ணா போயி நின்னுக்கிட்டு நான் என்னான்னு சொல்றது?" அவள் கையை நீட்டினாள். "குடுங்க போனை. இப்பவே நானே சொல்லிடறேன்."

நீட்டிய கையை வளவன் பார்த்தான். கொடுத்துவிட்டால் முடிந்தது. அன்றைக்குச் சுவர் சொன்னது, இன்றைக்கு இவள். மறுபடி தலையாட்டினால் போதும்.

கையிலிருந்த வைக்கோலை உதறிவிட்டு நம்பரை அவனே போட்டான்.

"முருங்க மரத்தாண்ட வந்துட்டேன், சொல்லு தம்பி."

"அக்கா, வரப்போறது நாங்க இல்ல. காவியாவோட தங்கச்சியும் அவ வூட்டுக்காரரும்."

"ஏன், அவளுக்கு லீவு கெடைக்கலியா?"

"காவியா செத்துட்டா அக்கா."

வெண்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில் ஒரு கோழி கொக்கரித்தது. அதற்கும் அப்பால் ஏதோ இரைச்சல், கடலாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். லைன் அறுந்துவிட்டதோ என்று ஒருமுறை திரையைப் பார்த்தான்.

"எப்ப?"

"போன கார்த்திகையில. காய்ச்சலு."

"நான் போனு போட்டுப் போட்டுப் பாத்துட்டு, திமிரு புடிச்சவன்னு திட்டிக்கிட்டுல்ல இருந்தேன். இத்தினி நாளும்."

"தெரியாமதானக்கா."

தனக்கோடி அழுதாள். தைரியமாக இரு, காலம் ஆற்றும், சின்ன வயசு என்று ஊர் சொன்ன எதையும் சொல்லவில்லை. சும்மா அழுதாள். வளவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

"ஜாடி வேணாம் தம்பி" என்றாள் கடைசியில். "ரூமு எண்ணூறுதான். ஜாடியெல்லாம் வேணாம்."

"வரும்க்கா. கட்டிட்டேன். வைக்கோலு நெறைய வச்சிருக்கேன், ஒடையாது. அவ..." அவள் சுற்றியிருந்த தினசரித் தாளைக் காலால் ஒதுக்கினான். "அவ சரியாவே கட்டலக்கா."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு டவர் போய்விட்டது.

வளவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மிச்ச ஜாடியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"பிளேன்ல ஒரு ஆளுக்குப் பதினஞ்சு கிலோதான் விடுவான்" என்றான். "எட்டு ஜாடியே ஒம்போது கிலோ ஆவுது."

"துணி கொறைச்சிக்கிறோம் மாமா" என்றாள் வெண்பா, இன்னும் சுவரைப் பார்த்தபடி.

நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். போன் நம்பருக்குக் கீழே எழுதினான்: மல்லாட்டை, மூன்று கிலோ.