மருமகளுக்குத் திறக்காத சர்வர்

பிரசவத்துக்குப் பாகூர் தாய்வீட்டுக்குப் போன அனுப்பிரியா, கைக்குழந்தையோடு வில்லியனூருக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியம், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்ததுதான். தை பிறந்தால் கல்யாண சீசன். சீர்வரிசைப் பாத்திரங்கள் விற்று, அவற்றில் பெயரும் வெட்டித் தருகிற மாமனார் வைத்தியலிங்கத்தின் கடைக்கு இணையதளம் கட்டி, எங்கோ மும்பையில் இருக்கிற வாடகை சர்வரில் ஏற்றி வைத்தவள் அவள். அந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

சர்வர் அவளை உள்ளே விடவில்லை.

அதற்குள் போக ஒரு கம்ப்யூட்டர் சாவி உண்டு. லேப்டாப்பில் ஒரு ரகசியக் கோப்பு இருக்கும். அதன் ஜோடி சர்வரில் பதிந்திருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். இத்தனை நாள் முனகாமல் திறந்த கதவு, இப்போது ‘அனுமதி இல்லை’ என்று ஒரே வரியில் முகத்திலடித்தது.

முகவரியைச் சரிபார்த்தாள். பயனர் பெயரைச் சரிபார்த்தாள். கோப்பும் அதே பழைய கோப்புதான். நடப்பதை ஒன்றுவிடாமல் காட்டும்படி லேப்டாப்பைக் கேட்டபோது, இவள் சாவியை நீட்டியதும் சர்வர் வேண்டாமென்று தள்ளியதும் தெரிந்தது. அப்படியானால் அங்கே பதிந்திருந்த ஜோடியை யாரோ அழித்திருக்க வேண்டும். உள்ளே போகத் தெரிந்த இன்னொரு ஆள் அவள் புருஷன் சுரேஷ்குமார் மட்டும்தான்.

குழந்தை பிறந்தாயிற்று, இனி உனக்கெதற்கு இந்த வேலை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே செய்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மனசு இருக்கிறதே, சந்தேகத்துக்கு மாடி வீடு கட்ட அதற்குச் செங்கல் சிமெண்ட் எதுவும் வேண்டாம்.

இன்னொரு வழி இருந்தது. சர்வர் கம்பெனியின் இணையப்பக்கம் வழியாகக் கடவுச்சொல் கொடுத்து நுழையலாம். ஆனால் அதற்கான ஓ.டி.பி. கடை போனுக்கு வரும். போன் மாமனாரின் சட்டைப்பையில். வீட்டின் முன்பக்கமே கடை. தயங்கித் தயங்கிப் போய் நின்றாள்.

“மாமா, ஒரு நம்பர் வரும். கொஞ்சம் சொல்றீங்களா?”

வைத்தியலிங்கம் எதற்கென்று கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அண்டா விலை பேச வந்தவர்களும் தெருவில் போகிறவர்களும் எழுதிக்கொள்ளும்படி உரக்கப் படித்தார். அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. கல்லாச் சாவி ஆணியில் தொங்கும். வீட்டாள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் எதையாவது பூட்டி வைத்தால் அது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

அந்த நம்பரைப் போட்டு சர்வருக்குள் போய்ப் பார்த்தவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அவள் சாவியின் ஜோடி அப்படியே இருந்தது. ஆனால் அது இருந்த கோப்புறையில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்று யாரோ விரியத் திறந்துவிட்டிருந்தார்கள். ஊரார் கைபடும் இடத்தில் இருக்கிற எதையும் சர்வர் நம்பாது. சொந்தக்காரியே வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

சுரேஷ்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

“நான்தான் பண்ணேன். அம்மா போன்லேர்ந்து போட்டோ ஏத்துனா ஏறல. ஏதோ வீடியோல பாத்து உள்ள இருக்குற எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து வுட்டேன். நம்ம வூட்டு ஆளுங்கதானே, இப்ப இன்னா?”

“அத்தை போட்டோ ஏத்துனாங்களா?”

படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். தூக்குவாளி, குத்துவிளக்கு, பெயர் வெட்டிய தாம்பாளம் என்று வந்துகொண்டே இருந்தன. பாதிப் படங்களின் ஓரத்தில் மாமியார் கமலவேணியின் கட்டைவிரல். பளபளத்த ஒரு குடத்தில், கவனமாக உதட்டைக் கடித்துக்கொண்டு படமெடுக்கிற அவள் முகமே கோணலாகத் தெரிந்தது. அனுப்பிரியா இல்லாத நாட்களில் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை.

படம் ஏறும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறுக்கினாள். மறுபடி சாவியை நீட்டினாள். சர்வர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே விட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தேகப்பட்ட வெட்கமும் அதில் சேர்ந்திருந்தது.

விழித்துக்கொண்ட குழந்தையைத் தூக்கியபடி கமலவேணி வந்து நின்றாள்.

“இன்னாம்மா, ஏன் அழுவுற? நான் எதுனா கெடுத்துட்டனா? நீ வர்ற வரைக்கும் உன் கடை மூடுன மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்.”

“ஒண்ணும் கெடுக்கல அத்தை. இப்படி குந்துங்க. உங்க பேர்லயே தனியா ஒரு கணக்குத் தொறந்து தரேன்.”

கமலவேணி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அப்பிடின்னா வெலை போடவும் கத்துக் குடு. உங்க மாமா ரொம்பக் கம்மியா போடுறாரு.”