ஐந்து மில்லி நன்மை

அப்பம் கரையவில்லை.

கண்ணாடித் தம்ளரில் இளஞ்சூடான தண்ணீர் விட்டு, அதற்குள் ஓர் அப்பத்தைப் போட்டு, அருட்பிரகாசம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் அது ஊறித் தொய்ந்தது. பத்து நிமிடம் கழித்துக் கரண்டியால் அடித்தபோது துணுக்குத் துணுக்காகப் பிரிந்து மிதந்தது. அதை ஊசியில்லாத பெரிய சிறிஞ்சில் இழுத்து, சமையலறை மேசையில் நீட்டி வைத்திருந்த உதிரிக் குழாய்க்குள் தள்ளினார். அரைவாசி போனது. பிறகு சிறிஞ்சின் தண்டு பெருவிரலை எதிர்த்து நின்றுவிட்டது. அடைப்பு. இது நான்காவது முறை.

இவை நற்கருணைக்கென்று பூசையில் வைக்காத வெறும் அப்பங்கள். பரிசோதிக்கவென்று கோவில் பணிவிடைகாரரான சங்கிலித்தாமிடம் ஆறு கேட்டு வாங்கி வந்திருந்தார். அந்த ஜேர்மன் கிழவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவருக்குச் சொல்லவும் தெரிந்திராது.

முப்பது வருடம் வுப்பர்டாலின் மேட்டு வீடுகளில் ஏறி இறங்கித் தண்ணீர்க் குழாய் பூட்டியவர் அவர். மாவும் தண்ணீரும் சேர்ந்தால் பசை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ரொட்டி மாவைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். அப்பமும் கோதுமை மாவும் தண்ணீரும்தான். ஆனாலும் அதை எப்படியாவது இந்தக் குழாயால் அனுப்ப வேண்டியிருந்தது. குழாயின் மறுமுனை பற்றிமாவின் வயிற்றுக்குள் இருந்தது.

பற்றிமா அவருடைய மனைவி. கார்த்திகை மாதம் அவளுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு ஒவ்வொரு சொல்லாக மெல்லத் திரும்பி வந்தது. விழுங்குதல் திரும்பி வரவில்லை. அது ஏனென்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தாளில் படம் கீறிக் காட்டினாள். தொண்டையில் இரண்டு குழாய்கள். முன்னுக்கு இருப்பது காற்றுக்கு, பின்னுக்கு இருப்பது சாப்பாட்டுக்கு. விழுங்கும் நேரம் முன்குழாயின் வாயை ஒரு மூடி கவிழ்ந்து மூடும். பற்றிமாவின் மூடி பிந்திக் கவிழ்கிறது, சிலவேளை கவிழ்வதேயில்லை. அதனால் வாயால் உள்ளே போவது எதுவும் சுவாசப்பைக்குள் இறங்கிவிடலாம். அருட்பிரகாசம் படத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். வேறு எந்த வீட்டிலும் என்றால் புது வால்வு போட்டிருப்பார்.

ஆகவே வயிற்றில் சின்னத் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். பால் போன்ற சத்துணவு ஒரு பம்பின் வழியாகச் சொட்டுச் சொட்டாக அதற்குள் போகிறது. உடம்புக்கு அது போதும். பற்றிமாவுக்குப் போதவில்லை. மன்னாரில் ஏழு வயதில் முதல் நன்மை, அதாவது நற்கருணை, எடுத்தவள், இடம்பெயர்ந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்காமல் விட்டதில்லை. இப்போது ஐந்து மாதம்.

“எல்லாருக்கும்... சாப்பாடு. என்னை மட்டும்... வெளியால விட்டிட்டார்” என்பாள். அவள் சொல்வது கடவுளை.

தமிழ்ப் பணியகத்துப் பாதர் தவக்காலம் தொடங்கும்போது வந்து பார்த்தார். இளம் ஆள், நல்ல மனம். “அக்கா, மனதாலையும் நன்மை வாங்கலாம். ஆசைப்பட்டாலே ஆண்டவர் வருவார்” என்றார்.

பற்றிமா நெடுநேரம் வாயைக் கூட்டி ஒரு வசனம் கட்டினாள். “நான்... இவருக்கு... மனதாலையா சமைச்சனான்?”

பாதர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டார்.

தவக்காலத்து முதல் நாளான விபூதிப் புதனன்று நடந்ததுதான் அருட்பிரகாசத்தை அரித்துக்கொண்டிருந்தது. பங்குக் கோவிலிலிருந்து ஒரு பெண் நோயாளிகளுக்கு நன்மை கொண்டு வந்தாள். அப்பத்தில் கடுகளவு கிள்ளி நாக்கில் வைத்தால் என்னவாகும் என்று அவர் நினைத்தார். தன் விரலாலேயே வைத்தார். பற்றிமா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருமல். மூன்றாம் நாள் காய்ச்சல். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் அவரைத் தனியே கூப்பிட்டு, சுவாசப்பை இன்னொரு முறை தாங்காது என்றார். தாங்கினாலும் அடுத்த வருடம்வரை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் சுற்றிவளைத்துச் சொன்னார். இந்த உயிர்த்த ஞாயிறுதான் அவளுக்குக் கடைசி என்று அருட்பிரகாசம் கணக்கிட்டுக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

“அத்தான், மேசையில என்ன வேலை பாக்கிறியள்?” கதவைத் திறந்துகொண்டு பிளோறன்ஸ் வந்தாள். பற்றிமாவின் தங்கை, டுசல்டோர்ஃபிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் ரயிலேறி வருபவள். அடைத்த குழாயையும் ஊறிய அப்பத்தையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “கடவுளே! ஆண்டவருக்கும் பைப் பூட்டப் போறியளோ?”

“அது வெறும் அப்பம்.”

“தெரியும். இவ்வளவு பாடு ஏன்? அரைக் கடுகு நாக்கில வையுங்கோ. நம்பிக்கையோட வைச்சால் ஒண்டும் நடவாது.”

“போனமுறையும் நம்பிக்கையோடதான் வைச்சனான்.”

பிளோறன்ஸ் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். உள் அறையிலிருந்து பற்றிமாவின் குரல் வந்தது: “எனக்கு... எல்லா நாளும்... ஒருசந்தி.” அதற்குப் பிறகு ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது. தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்காமல் களவாகப் பணிஸ் சாப்பிடும் தங்கையைக் குத்தத்தான் அது. பிளோறன்ஸும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

பெரிய வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குத் தமிழ்ப் பூசை. பிளோறன்ஸை வீட்டில் விட்டுவிட்டு அருட்பிரகாசம் போனார். நன்மை கொடுத்து முடிந்ததும் பாதர் கிண்ணத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுழற்றி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். ஒரு துளியும் வீணாகக் கூடாது என்பதற்காக எல்லாப் பூசையிலும் நடப்பது. அறுபத்து மூன்று வயதுக்குள் அவர் அதை எத்தனை ஆயிரம் தரம் பார்த்திருப்பார்! இன்றைக்குத்தான் குழாய்க்காரன் கண்ணால் பார்த்தார். வீட்டுக்கு வரும் தாதி காலையும் மாலையும் பற்றிமாவின் குழாய்க்குச் செய்வதும் இதுவே. கழுவித் தள்ளுதல்.

கிண்ணத்தில் இருந்தது திராட்சை இரசம். இரசம் அடைக்காது.

பூசை முடிந்து, பெரிய வியாழன் வழக்கப்படி பீடத்துத் துணிகளையெல்லாம் உரிந்துகொண்டிருந்தார்கள். அவர் நேரே பாதர் உடுப்பு மாற்றும் உள்ளறைக்குப் போனார்.

“பாதர், ஒரு கேள்வி. அப்பம் இல்லாமல் இரசம் மட்டும் குடுத்தால், அது பாதி நன்மையோ?”

“பாதியெண்டு ஒண்டில்லை, அண்ணை. அப்பத்திலையும் முழு ஆள், இரசத்திலையும் முழு ஆள். அப்பம் ஏலாத வருத்தக்காரருக்கு இரசம் மட்டும் குடுக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே இடமிருக்கு...” பாதர் பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தார். “ஐயோ.”

“ஏன் பாதர், முந்தியே சொல்லேல்லை?”

பாதர் தோளிலிருந்த துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நினைவு வரேல்லை, அண்ணை. படிச்சனான். ஆனால் நானும் எங்கட ஊரில நன்மையெண்டால் அப்பம் எண்டு வளந்தவன்தானே.”

“குழாயாலையும் குடுக்கலாமோ?”

“கேட்டுச் சொல்லுறன்.”

மறுநாள், பெரிய வெள்ளி காலையில், பாதர் தொலைபேசி எடுத்தார்; குழாயாலும் கொடுக்கலாம் என்றார். பெரிய வெள்ளியில் பூசை இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வைக்கும் இரசத்தை மூடியுள்ள சின்னப் பாத்திரத்தில் கொண்டு வருவார். வழமைபோல வந்த தாதி குடும்ப வைத்தியரோடு கதைத்துவிட்டு, ஐந்து மில்லி வைனால் ஒன்றும் ஆகாது, ஆனால் குழாயைக் கவனிக்க வேண்டும் என்றாள்.

மூன்று மணிக்குப் பற்றிமாவின் தலைமாட்டில் இருந்து செபமாலை சொன்னார்கள். பிளோறன்ஸ் மெழுகுதிரி எடுக்கப் போன இடைவெளியில் அவர் மெல்லச் சொன்னார்:

“இஞ்சரும். அண்டைக்கு உமக்குக் காய்ச்சல் வந்தது என்னாலதான்.”

பற்றிமா இடது கையை நகர்த்தி அவருடைய பெருவிரலைத் தேடிப் பிடித்தாள். “நான்தான்... கேட்டனான்” என்றாள். பம்ப் டிக் டிக் என்றது.

சனிக்கிழமை கடையில் ஒரு போத்தல் வெள்ளை வைன் வாங்கி வந்து மறுபடி மேசையில் இருந்தார்.

“இரசமோ அத்தான்? புளி விட்டதோ, விடாததோ?” என்றாள் பிளோறன்ஸ்.

“பகிடியை விட்டிட்டு இதைப் பிடி.”

உதிரிக் குழாய்க்குள் சத்துணவை ஓடவிட்டு, அது இருக்கும்போதே ஐந்து மில்லி வைனைத் தள்ளினார். குழாயின் நடுவில் வெள்ளைக் கட்டி திரண்டு நின்றது. சுடுபாலில் தேசிக்காய் பிழிந்த மாதிரித் திரைந்துவிட்டது. வைன் புளிப்பு, சத்துணவு பால். இரண்டும் குழாய்க்குள் சந்திக்கக் கூடாது. சந்திக்காமல் இருக்க நடுவில் தண்ணீர் நிற்க வேண்டும். அடுத்தமுறை முதலில் தண்ணீர், பிறகு வைன், பிறகும் தண்ணீர். போனது. இன்னும் மூன்று தரம் செய்தார். மூன்று தரமும் போனது.

உயிர்த்த ஞாயிறு பின்னேரம் பாதர் வந்தார். பற்றிமாவுக்குப் பிளோறன்ஸ் நீலச் சேலையைப் போர்வைக்கு மேல் விரித்து, தலை வாரி விட்டிருந்தாள். பாதர் பாத்திரத்தைத் திறந்து இரசத்தைச் சிறிஞ்சுக்குள் எடுத்தார். “கிறிஸ்துவின் திரு இரத்தம்” என்றார்.

“ஆமென்” என்றாள் பற்றிமா. அந்தச் சொல் மட்டும் உடையாமல் வந்தது.

பாதர் சிறிஞ்சை அருட்பிரகாசத்திடம் நீட்டினார். பம்பை நிறுத்தித் தண்ணீரால் கழுவி வைத்திருந்த குழாய்க்குள் அதே பெருவிரலால் அவர் தள்ளினார். இந்தமுறை எதிர்ப்பில்லை. பற்றிமா இருமவில்லை. வயிற்றுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்குவதைக் கேட்பவள்போலக் கண்ணை மூடியிருந்தாள்.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“ருசி... இல்லை.” அவளுடைய கண்ணால் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவளுடைய இடது கை அவ்வளவு உயரம் எழவில்லை. பிளோறன்ஸ் துடைத்தாள்.

“இல்லைத்தான்” என்றார் அவர். அதற்கு அவரிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

பற்றிமா கண்ணைத் திறந்தாள். “அடுத்த... ஞாயிறும்?”

“வருவன், அக்கா” என்றார் பாதர். “இன்னொரு வீட்டிலையும் இப்பிடி ஒராள் இருக்கிறார். அண்ணை, இதை ஒருக்கா எழுதித் தாறியளோ?”

அருட்பிரகாசம் சமையலறைக்குப் போய் ஒரு தாளெடுத்து எழுதினார்:

அப்பம் வேண்டாம், அடைக்கும். இரசம் மட்டும் போதும், அது முழு நன்மை. முதலில் வைத்தியரைக் கேட்கவும். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திவிட்டுப் பம்பை நிறுத்தவும். முப்பது மில்லி இளஞ்சூட்டுத் தண்ணீரால் குழாயைக் கழுவவும். பிறகு இரசம் ஐந்து மில்லி, மெதுவாக. பாத்திரத்தையும் சிறிஞ்சையும் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குழாயாலேயே அனுப்பவும். மறுபடி முப்பது மில்லி தண்ணீர். அரை மணித்தியாலம் கழித்துப் பம்பைப் போடவும்.